அரிசி டிரம்மில் வைத்த ஃபோன்

கல்யாணமான புதிதில் ஒருநாள் சோறு வைக்க அரிசி எடுக்கப் போனேன். டிரம்முக்குள் கையை விட்டதும் உள்ளே எதுவோ கிர்ரென்று துடித்தது. எலிதான் என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டு அம்மா சப்பாத்திக் கட்டையோடு இறங்கி வந்துவிட்டார். பார்த்தால் என் வீட்டுக்காரருடைய ஃபோன். அரிசிக்குள் புதைந்தபடி அடித்துக்கொண்டிருந்தது.

"எடுக்காத, எடுக்காத!" என்று கத்திக்கொண்டே அவர் பாத்ரூமிலிருந்து ஈரத் தலையோடு ஓடி வந்தார். "கம்பெனி ஃபோன். இன்னிக்கு எனக்கு ஆஃப்."

"ஆஃப்னா ஆஃப்னு சொல்லிட்டு வைக்க வேண்டியதுதானே? அதுக்கு அரிசிக்குள்ள போட்டுப் புதைக்கணுமா? அறிவிருக்கா உங்களுக்கு?"

மாடி வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அத்தனை பெரிய விமானத்தை ஓட்டுகிற மனுஷன், ஒரு ஃபோனுக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எரிச்சல்தான் வந்தது.

அவர் கேப்டன் இல்லை. பக்கத்து ஸீட்டில் உட்கார்கிற கோ-பைலட். நான் ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரி பாகம் செய்கிற ஒரு ஃபேக்டரியில் தரம் பார்க்கிற லைனுக்கு சூப்பர்வைசர். என் வேலைக்காகத்தான் ஓசூரிலேயே குடியிருக்கிறோம். அவருக்கு ஏர்போர்ட் பெங்களூருக்கும் அந்தப் பக்கம், தேவனஹள்ளியில். அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர் டிராஃபிக்கை முழுக்க நீந்திப் போய்ச் சேர வேண்டும். "எப்ப வேணா கூப்பிடுவோம், தயாரா இரு" என்று கம்பெனி சொல்கிற ஸ்டாண்ட்பை நாட்களில் அவர் வீட்டில் இருக்கவே முடியாது. விடிந்ததும் யூனிஃபார்மோடு காரில் கிளம்பி, ஏர்போர்ட் பக்கத்தில் ஒரு புங்க மரத்தடியில் வண்டியைப் போட்டுக்கொண்டு, அழைப்பு வருமா வராதா என்று நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்துப் பேக்கரிக்காரர் அவரிடம் கன்னடத்தில் எல்லாக் கதையும் பேசுகிற அளவுக்குப் பழக்கம்.

ஆஃப் நாள் கதை வேறு. ஆஃப் நாளில் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தால் பைலட்டுகள் எடுக்க மாட்டார்கள். அது அவர்களுக்குள் ஒரு வழக்கம். எடுக்காத வரைக்கும் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. எடுத்து, "சரி, வர்றேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது டூட்டி. சொன்ன பிறகு போகாமல் விட்டால் 'நோ ஷோ' என்று பெயர் பதிந்துவிடும். அதனால் ஒவ்வொரு பைலட் வீட்டிலும் ஃபோனுக்கு ஓர் ஒளிவிடம் இருக்கும். ஒருத்தர் பீரோவில் வைப்பார், ஒருத்தர் ஷூவுக்குள் வைப்பார். எங்கள் வீட்டில் அரிசி டிரம்.

அப்போதெல்லாம் அந்த வழக்கத்தால் கெடுதல் எதுவும் இல்லை. ஏனென்றால் அவர்கள் ஒப்பந்தத்தில் 'கேரண்டி' என்று ஒன்று இருந்தது. மாதத்துக்கு இத்தனை மணி நேரம் பறந்ததாக வைத்துக்கொண்டு சம்பளம் வந்துவிடும். மூடுபனியோ, விமானம் ரிப்பேரோ, டிக்கெட் விற்கவில்லையோ, அது பைலட்டின் தலைவலி இல்லை. இதை முதல்முறை கேட்டபோது ராயக்கோட்டையில் இருக்கும் என் அக்கா வாயைப் பிளந்துவிட்டாள்.

"வீட்ல காலாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலும் சம்பளமாடி? குடுத்து வச்சவடி நீ."

எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைதான். என் லைனில் நிற்கிற பெண்கள் எல்லாரும் கான்ட்ராக்ட். பர்கூர், கெலமங்கலம் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். ஒருநாள் வரவில்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அவர்களிடம் போய், என் வீட்டில் ஒருத்தர் சும்மா இருந்தாலும் காசு வரும் என்று சொல்ல முடியுமா? வாயே திறக்க மாட்டேன்.

ஃபேக்டரியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதில் எனக்கு ஒன்று தெரியும். ஆட்களை அனுப்பப் போகிறார்கள் என்றால் முதலில் டீயோடு கொடுக்கிற பிஸ்கட் நிற்கும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். அப்புறம் இரண்டு பஸ் ஒன்றாகும். அப்புறம் ஓவர்டைம் நிற்கும், "பரவால்ல, சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்" என்று பெண்கள் சந்தோஷப்படுவார்கள். அதற்கடுத்துத்தான் 'பிரேக்'. அதாவது வீட்டில் இரு, கூப்பிடும்போது வா. திரும்பக் கூப்பிட்டதை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

ஒருநாள் அவர் டூட்டி முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "இனிமே ஏர்போர்ட் பிக்கப் காரு தனித்தனியா கிடையாதாம். நாலு பேரு ஒரே வண்டியில வரணுமாம். நல்லதுதான், பேசிக்கிட்டே போலாம்."

நான் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன். "ஏங்க, உங்க கம்பெனியில பிஸ்கட் நின்னுடுச்சுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "பிஸ்கட்டா? ஃப்ளைட்ல பிஸ்கட் இருக்கே" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்தடுத்து எல்லாம் வரிசையாக வந்தது. வெளியூரில் தங்க வைக்கிற ஓட்டல் மாறியது. விமானத்தில் அவர்களுக்குக் கொடுக்கிற சாப்பாடு சின்னதானது. அவர் வீட்டில் இருக்கிற நாட்கள் கூடிக்கொண்டே போயின. என்ஜினுக்கு வேண்டிய சாமான் கிடைக்காமல் விமானங்கள் ஓரமாக நிற்கின்றன என்றார். ஓட்ட ஆள் இருக்கிறது, ஓட்ட வண்டி இல்லை. "பரவால்ல, கேரண்டி இருக்குல்ல" என்று எங்கள் மகள் பாப்பாவோடு சேர்ந்து கேரம் விளையாடுவார்.

பிறகு கம்பெனி புதிதாக ஒன்று சொன்னது. கேரண்டி உண்டு, ஆனால் ஒரு டூட்டியும் தவறவிடாதவர்களுக்கு மட்டும். கொஞ்சம் பேரைச் சம்பளமில்லாத லீவில் அனுப்ப வேண்டி வரும், அதில் 'நோ ஷோ' ஆனவர்கள் முதலில் என்று பைலட்டுகளுக்குள் பேச்சு. யாரும் அதை நேராகச் சொல்லவில்லை, யாரும் இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் அரிசி டிரம்மைத் திறந்து ஃபோனை எடுத்துத் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

அதற்குப் பிறகு அந்த ஃபோன் அவரைவிட்டு இறங்கவில்லை. குளிக்கும்போது பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் குழாய்மேல் வைப்பார். மலைக்கோயில் வரிசையில் சாமி கும்பிடும்போது கையில் பிடித்துக்கொண்டு கும்பிடுவார். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் ஒன்று காரின் டிக்கியிலேயே தொங்கியது. ஆஃப் நாளில் ஃபோன் அடித்தாலும் முதல் மணியிலேயே எடுத்து, அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்பதற்கு முன்னால் "யெஸ் மேடம், அக்செப்டட்" என்பார். ஒருமுறை அது கேஸ் கம்பெனிக்காரன். அக்செப்டட் என்றதும் அவனே குழம்பிப் போய் வைத்துவிட்டான்.

"முழுசா கேட்டுட்டு சொல்லித் தொலைங்களேன்" என்று நான் கத்துவேன். "எங்க இருக்கோம், போய்ச் சேர முடியுமான்னு யோசிக்க வேணாமா?"

"உனக்குத் தெரியாதும்மா. யோசிக்கிற நேரத்துல அடுத்த ஆளுக்குப் போட்டுடுவாங்க."

அவருக்கு முக்கியமான பயம் சம்பளத்தைப் பற்றிக்கூட இல்லை. பறக்காமல் மாதக்கணக்கில் இருந்தால் கை விட்டுப்போகும், விதிப்படியும் ஓட்டக் கூடாது. மறுபடி சிமுலேட்டர் பயிற்சி, மறுபடி பரீட்சை. அதைக் கம்பெனி மனசு வைத்து ஏற்பாடு செய்தால்தான் உண்டு. "ஒருதடவ அந்த ஸீட்லேர்ந்து எறக்கி விட்டாங்கன்னா மறுபடி என்னை ஏத்த மாட்டாங்க" என்று ஒருநாள் சொன்னார். மாவு பிசைந்துகொண்டிருந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

இங்கே என் வேலையில் எனக்குப் பிடிக்காத ஒரு பகுதியைச் சொல்லியாக வேண்டும். லைனில் ஆள் குறைந்தால் வாரலீவில் இருக்கிற பெண்களைக் கூப்பிட்டு வரச் சொல்ல வேண்டியது நான்தான். எங்கள் ஃபேக்டரியில் சொந்த ஃபோனை கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். உள்ளே என் மேஜையில் ஒரு ஃபோன் இருக்கிறது. ஹெட் ஆபீஸ் பெங்களூரில் இருப்பதால் அதிலிருந்து யாரைக் கூப்பிட்டாலும் அவர்களுக்குப் பெங்களூர் நம்பர்தான் தெரியும்; அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டால் என் மேஜையில்தான் அடிக்கும். "அந்த நம்பரப் பாத்தாலே வயித்தக் கலக்குது மேடம்" என்று என் பெண்களில் ஒருத்தி என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

வர முடியாது என்று ஒருத்தி சொன்னால் நான் திட்டக் கூடாது. அது மேலிடத்து உத்தரவு. "பரவால்லம்மா, ஒண்ணும் பிரச்சனையில்ல, சொன்னதுக்குத் தேங்க்ஸ்" என்று தேனாகப் பேசிவிட்டு வைக்க வேண்டும். பிறகு அவள் பெயரைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும்; ஆள் குறைக்கும்போது முதலில் போவது அந்தப் பெயர்கள்தான். நான் யாரையாவது "ஏண்டி, மூளையைக் கழட்டி வீட்ல வச்சுட்டு வந்தியா?" என்று கத்துகிறேன் என்றால் அவளுக்கு வேலை பத்திரம். என் லைனில் இருக்கிற எல்லாருக்கும் அது தெரியும். நான் மரியாதையாகப் பேசினால்தான் அவர்கள் முகம் செத்துப்போகும்.

தை மாதம் அக்கா ராயக்கோட்டையில் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தாள். தக்காளி விற்ற காசில் அக்காவும் மாமாவும் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அன்றைக்கு அவருக்கு ஆஃப். ஆஃப்தானா என்று முதல்நாள் நான் அவர் வாயால் மூன்று தடவை சொல்ல வைத்தேன். பாப்பாவையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையே காரில் போனோம். பால் காய்ச்சி, ஹோமம் முடிந்து, முதல் பந்தியில் அவரை உட்கார வைத்தார்கள். இலையில் பாயசம் விழுந்தது. ஃபோன் அடித்தது.

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். கூட்டு வாளியோடு நான் "வேணாங்க" என்று சொல்வதற்குள் அவர், "யெஸ் மேடம், அக்செப்டட்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

"எங்க?" என்றேன்.

"சாயங்கால ஃப்ளைட். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லையாம், ஆள் வேணும்." எழுந்தேவிட்டார். "போயிடலாம். நல்லா டைம் இருக்கு."

அக்கா மாமியார் தெலுங்குக்காரர். "அன்னம் தினகுண்டா போதாரா?" என்று பதறிக்கொண்டு வந்தார். இலையில் உட்கார்ந்தவர் சாப்பிடாமல் எழுந்தால், அதுவும் புது வீட்டில், அந்த அம்மாவுக்கு மனசு என்ன பாடுபடும்? அக்கா முகம் சுண்டிவிட்டது. அவரோ டிக்கியிலிருந்து யூனிஃபார்மை எடுத்துக்கொண்டு, இன்னும் பெயின்ட் வாசம் போகாத அறைக்குள் போய் மாற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக அவர் வெளியே வந்ததும் பந்தியே நிமிர்ந்து பார்த்தது. பிள்ளைகள் சல்யூட் அடித்தார்கள். "நம்ம வூட்டு மாப்ள" என்று ஒரு பெரியவர் பக்கத்து இலைக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்.

இந்தப் படபடப்பில் அவரைத் தனியாக வண்டி ஓட்ட விட எனக்கு மனசு வரவில்லை. பாப்பாவை அக்காவிடம் விட்டுவிட்டு, ஓசூர் வரைக்குமாவது கூட இருக்கலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். உத்தனப்பள்ளி வரைக்கும் ரோடு காலி. "பாத்தியா, எவ்ளோ ஃப்ரீயா இருக்கு" என்றார்.

சானமாவுக் காட்டோரத்தில் ஃபாரஸ்ட்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ராகிப் போரைத் தின்ன வந்த யானைக் கூட்டம். முந்தின நாள் இரவே காட்டைவிட்டு இறங்கி, விடிந்தும் திரும்பாமல் ரோட்டோரத் தைலத் தோப்பில் நின்றிருக்கிறது. அதை மறுபடி காட்டுக்குள் விரட்ட ரோட்டைத் தாண்ட வைக்க வேண்டும். அதனால் வண்டி எதுவும் போகக் கூடாது. எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ், இரண்டு தக்காளி வேன், ஏகப்பட்ட பைக். தோப்புக்குள் வேட்டுச் சத்தம் கேட்டது. யானை கண்ணுக்குத் தெரியவில்லை. கிளைகள் முறிகிற சத்தம் மட்டும் இங்கேயும் அங்கேயுமாக வந்தது.

அவர் இறங்கிப் போய் காக்கிச் சட்டைக்காரரிடம் கேட்டுவிட்டு வந்தார். "பத்து நிமிஷமாம்."

"யாருங்க சொன்னது, யானையா? வண்டியத் திருப்புங்க. உத்தனப்பள்ளி போயி கெலமங்கலம் வழியா ஓசூரு போயிடலாம்."

"பத்து நிமிஷத்துல விட்டுடுவேன்னு சொல்றாரும்மா."

அவர் தொழில் அப்படி. டவரில் உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிஷம் என்றால் பத்து நிமிஷம்தான். நில் என்றால் நிற்க வேண்டும், போ என்கிற வரைக்கும் அசையக் கூடாது. வானத்தில் அது சரி. சானமாவில் நிற்கிற ஃபாரஸ்ட்காரருக்கு யானை என்ன கை கட்டியா பதில் சொல்லும்? நான் கத்தினேன், கெஞ்சினேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, போ என்று யாராவது சொல்வார்கள் என்று அந்தக் காக்கிச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தக்காளி வேன்காரர் எட்டிப் பார்த்து யூனிஃபார்மைக் கவனித்துவிட்டார். "சார், நீங்களே இப்பிடி நின்னா எப்பிடி? அப்பிடியே மேல தூக்கிக்கிட்டுப் போயிடுங்க" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது.

பத்து நிமிஷம் எத்தனையோ பத்து நிமிஷமாக ஆனது. ஒருவழியாக அவர் வண்டியைத் திருப்ப முயன்றபோது எங்களுக்குப் பின்னால் ரோடு முழுக்க வண்டி அடைத்துக்கொண்டு நின்றது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. வெயில் சாயத் தொடங்கியது. இனி அத்திப்பள்ளியைத் தொட்டால்கூட ஏர்போர்ட் போய்ச் சேர முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

அவர் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டில் வைத்தார். யானை என்று சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. வழியில் யானைக் கூட்டம், ரோட்டை மறித்துவிட்டார்கள், வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் தடுமாறித் தடுமாறிச் சொன்னார்.

அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "நோ ப்ராப்ளம் சார். தேங்க்ஸ் ஃபார் இன்ஃபார்மிங். டேக் கேர்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா. புரிஞ்சுக்கிட்டாங்க பாரு. நல்ல பொண்ணு. நான்கூட கத்துவாங்கன்னு நெனச்சேன்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைத் தெரியும், அந்த வேகத்தைத் தெரியும், கடைசியில் ஒட்டவைக்கிற அக்கறையையும் தெரியும். பொழுது விடிந்தால் நான் பேசுகிற குரல் அது. கத்தியிருக்கக் கூடாதா அந்தப் பொண்ணு, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கக் கூடாதா என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவரிடம் சொல்லவில்லை. அவர் நிம்மதியாக ஸீட்டில் சாய்ந்து, பட்டன் ஒன்றைத் தளர்த்திவிட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் யானைகள் ரோட்டைத் தாண்டின. ஒரு குட்டி கடைசியாக ஓடியது. அவர் அதை ஃபோனில் படம் எடுத்து, பாப்பாவுக்குக் காட்டலாம் என்றார்.

அந்த ஃபோன் அரிசி டிரம்மிலேயே கிடந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆஃப் நாளில் எடுக்காதவரை யாரும் எதுவும் கேட்டிருக்க முடியாது. எடுத்தவருக்குத்தான் 'நோ ஷோ'. பயந்து பயந்து, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று எடுத்தவருக்கு.

அந்த மாதம் கேரண்டி வரவில்லை. அடுத்த மாத டூட்டிப் பட்டியல், அந்த ரோஸ்டர், வந்தபோது அவர் பெயருக்கு நேரே கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மாசி முடிவதற்குள் தகவல் வந்துவிட்டது. ரொம்ப மரியாதையான தகவல். இதுவரை செய்த சேவைக்கு நன்றி, நிலைமை சரியானதும் நாங்களே அழைக்கிறோம், அதுவரை சம்பளமில்லாத விடுப்பு. அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "நாங்களே அழைக்கிறோம்னு போட்டிருக்காங்க, பாரு" என்று அந்த வரியை மட்டும் எனக்குக் காட்டினார்.

அப்புறம் அவர் வீட்டில்தான். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், துணி காயப்போடுவார், சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். தெருவில் யாராவது, "சார், ஓசூருக்கே ஏர்போர்ட் வருதாமே, உங்களுக்கு வசதிதான்" என்று கேட்டால், ஆமாமாம் என்று சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். வேறு வேலை பார்க்கலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அந்த நேரம் பார்த்து கூப்பிட்டாங்கன்னா?" என்றார். ஃபோன் எப்போதும்போல் சட்டைப் பையிலேயே இருந்தது. இத்தனைக்கும் அது அடிப்பதே இல்லை. ரிங் சரியாக இருக்கிறதா என்று பாப்பாவை விட்டு என் ஃபோனிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பார்ப்பார்.

போன மாதம் ஒருநாள் காலையில் அவசர அவசரமாகக் கிளம்பினேன். லைனில் வந்து நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் மோட்டாரைப் போட்டேன், நிறுத்தவில்லை. அவர் கொல்லைப்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்தால் கவனித்திருக்க மாட்டார். என் ஃபோன் கேட்டில் லாக்கரில் இருக்கிறது. மேஜை ஃபோனிலிருந்து அவரை நான் அதுவரை கூப்பிட்டதே இல்லை. ஒரு வார்த்தைதானே என்று எடுத்து அவர் நம்பரைப் போட்டேன்.

ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

"குட் மார்னிங் மேடம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "அவைலபிள் மேடம். அக்செப்டட்" என்றார்.

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது, அவருக்குத் தெரிந்தது பெங்களூர் நம்பர். ஏங்க, நான்தாங்க என்று சொல்ல வேண்டும். நான் பேசாமல் இருக்கவும் அவர் பயந்துவிட்டார். இங்கிலீஷில் மடமடவென்று சொல்ல ஆரம்பித்தார். "போன முறை நடந்தது இனி நடக்காது. நான் வீட்டை மாற்றிவிட்டேன். இப்போது ஏர்போர்ட் பக்கத்திலேயே இருக்கிறேன். ஆஃப் நாள் எதுவும் வேண்டாம். எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்து நிற்பேன். ப்ளீஸ் மேடம், ஒரு சான்ஸ்." அவர் குரலுக்குப் பின்னால் எங்கள் வீட்டு டேங்க் நிரம்பி, தண்ணீர் சொளசொளவென்று சிமெண்ட் தரையில் விழுகிற சத்தம் கேட்டது.

கட்டிய பெண்டாட்டியிடம் ஒருநாளும் அவர் அப்படிக் கெஞ்சியது கிடையாது. நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

கையை எடுப்பதற்குள் அது அடித்தது. திருப்பிக் கூப்பிடுகிறார். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. லைனில் நின்ற பெண் ஒருத்தி திரும்பி, "மேடம், ஃபோனு அடிக்குது மேடம்" என்றாள்.

"எனக்குக் காது இருக்கு. நீ உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளை எல்லாம் வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் தண்ணீர் இன்னும் தேங்கி நின்றது. பாப்பா ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அப்பாவ கம்பெனில கூப்பிட்டுட்டாங்க!" என்றாள். அவர் முடி வெட்டியிருந்தார். யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு நாற்காலியில் விரித்திருந்தது. ஷூ பளபளவென்று வாசலில் இருந்தது.

"பேசிக்கிட்டே இருக்கும்போது லைன் கட்டாயிடுச்சும்மா" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் கண்ணில் அந்த வெளிச்சத்தைப் பார்க்கிறேன். "திருப்பிப் போட்டேன், எடுக்கல. பிஸியா இருப்பாங்க. புது நம்பரு. சேவ் பண்ணி வச்சுட்டேன்."

காட்டினார். 'கம்பெனி' என்று போட்டு வைத்திருந்தார்.

அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை டீ வருகிற நேரத்துக்கு என் மேஜை ஃபோன் அடித்தது. அதற்கடுத்த நாளும் அடித்தது. தொந்தரவு செய்வதாக நினைத்துவிடக் கூடாது என்று நாளைக்கு ஒரே ஒருமுறைதான் கூப்பிடுவாராம், அவரே சொன்னார். என் லைன் பெண்கள் இப்போதெல்லாம் அது அடித்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் ஒரு பாகத்தைக் கையில் எடுத்து, சரியாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, அது ஓய்கிற வரைக்கும் நிற்கிறேன். எடுத்து ஹலோ என்று சொன்னால் என் குரல் அவருக்குத் தெரிந்துவிடும்.